இம்ப்ளான்ட் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, மறுபக்கம் மேலேயே நிற்கிறது: 3-ஆவது வாரத்தில் பயப்பட வேண்டுமா?

கேள்வி இதுதான்: "வயது 29, சென்னையில் இருக்கிறேன். மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன் முடிந்து 3 வாரம் ஆகிறது. தசைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். வழவழப்பான உருண்டை சிலிகான் இம்ப்ளான்ட், இரண்டு பக்கமும் 300 சிசி, மார்புக்குக் கீழ் மடிப்பில் தையல். இடப்பக்கம் இறங்கி இயல்பாகத் தெரிகிறது. வலப்பக்கம் மேலேயே நிற்கிறது. தொட்டால் இறுக்கமாக இருக்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் மேல்பாகம் மட்டும் புடைத்திருக்கிறது. டாக்டர் 'பொறுங்கள்' என்கிறார். மசாஜ் வீடியோக்கள் பார்த்தேன், செய்யலாமா? வலப்பக்கம் தப்பான இடத்தில் வைத்துவிட்டார்களா? மறுபடி ஆபரேஷன் வருமா?"

நான் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் செவிலியராக வேலை பார்ப்பவள். கட்டுப் பிரிக்க வரும்போது டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் எங்களிடம்தான் கேட்பார்கள். அதில் முதலில் வருவது இந்தக் கேள்விதான்.

நேராகப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் தப்பான இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கு 3 வாரத்தில் மேலே நிற்பதும் இறுகியிருப்பதும் வழக்கம்தான். என்னைக் கேட்டால் நீங்கள் கண் வைக்க வேண்டியது இடப்பக்கத்தின் மேல். அதில் கோளாறு என்று சொல்ல வரவில்லை, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் மேலே நிற்கும் இம்ப்ளான்ட் நாள் போகப் போகத் தானாக இறங்கும். தேவைக்கு மேல் இறங்கிவிட்டது தானாக ஏறாது. எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்குச் சீக்கிரம் போய்க் காட்ட வேண்டும் என்பதற்கு இதுதான் அளவுகோல்.

முதலில் வலப்பக்கம். பெரிய மார்புத் தசை காறை எலும்பு, நடு நெஞ்செலும்பு, விலா எலும்புகளின் குருத்தெலும்பு ஆகியவற்றில் தொடங்கி, மேல்கை எலும்பில் போய் முடிகிறது. அதன் அடியில் இடம் உண்டாக்கித்தான் இம்ப்ளான்டை வைக்கிறார்கள். இப்போது பரவலாகச் செய்யும் முறையில், தசையின் கீழ்ப்பக்கப் பிடிப்பை விலா எலும்பிலிருந்து விடுவித்துவிடுவார்கள். மேல்பாகத்தைத் தசை மூடியிருக்கும், கீழ்ப்பாகத்தை மார்பகத் திசு மட்டும் மூடியிருக்கும். இரட்டைத் தளம் என்று சொல்கிற இந்த முறையை அமெரிக்க சர்ஜன் ஜான் டெபெட்ஸ் 2001-இல் விளக்கமாக எழுதினார். உங்களுக்கும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும், டாக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்தத் தசைக்குத் தன் அடியில் எதையும் தாங்கிப் பழக்கம் இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் அது வீங்கி, சுருங்கி, இம்ப்ளான்டை மேல்நோக்கியும் பின்நோக்கியும் அழுத்திக்கொண்டிருக்கும். கீழ்ப்பாகத் தோலும் இன்னும் விரிந்து கொடுத்திருக்காது. புதிதாக நாடா பின்னிய கட்டிலில் முதல் நாள் படுத்தால் பலகையில் படுத்த மாதிரி இருக்கும். நாடா இளகிய பிறகுதான் உடம்பு அதில் அமரும். உங்கள் வலப்பக்கத்தில் நடந்துகொண்டிருப்பது அதுதான். தசை தளர, வீக்கம் வற்ற, கீழ்த்தோல் விரிய, இம்ப்ளான்ட் மெல்லக் கீழே வரும். மேலே இருந்த புடைப்பு குறைந்து கீழே உருண்டை வரும். இப்போது காம்பு கொஞ்சம் கீழ்நோக்கி இருப்பதாகத் தெரிந்தால், அதுவும் அப்போது நடுவுக்கு வந்துவிடும்.

எவ்வளவு நாள் ஆகும்? பலருக்கு 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் நன்றாகத் தெரியும்படி மாறிவிடும். 6 மாதம் ஆகிறவர்களும் உண்டு. தோல் இறுக்கமானவர்கள், குழந்தை பெறாதவர்கள், ஜிம்முக்குப் போய்த் தசை வளர்த்தவர்கள், தங்கள் உடம்புக்குப் பெரிய அளவு வைத்துக்கொண்டவர்கள், இவர்களுக்கு எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். தசைக்கு மேலே வைத்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு குறைவு. அதனால் தசைக்கு மேலே வைத்த தோழியின் 3-ஆவது வாரப் படத்தோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

ஒரு பக்கம் முந்துவதும் மறுபக்கம் பிந்துவதும்தான் வழக்கம். இரண்டும் ஒரே நாளில் இறங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வலது கைக்காரர்களுக்கு வலப்பக்கத் தசை கொஞ்சம் பலமாக இருக்கும், அந்தக் கையை அதிகம் உபயோகிக்கவும் செய்வார்கள். அதனால் அந்தப் பக்கம் தாமதமாவதை அடிக்கடி பார்க்கிறோம். இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த படங்களை எடுத்துப் பாருங்கள். காம்பு ஒன்று சற்று மேலே, மடிப்பு ஒன்று சற்றுக் கீழே, விலா எலும்பு ஒரு பக்கம் சற்று முன்னால் தள்ளியது என்று ஏதாவது ஒரு வித்தியாசம் பெரும்பாலோருக்கு முன்பே இருக்கும். முதுகெலும்பு லேசாக வளைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தெரியாது. இம்ப்ளான்ட் அந்த வித்தியாசத்தை மறைக்காது, சில சமயம் எடுத்துக் காட்டும்.

திருநங்கைகளும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நெஞ்சுக்கூடு அகலம், தசை தடிமன், விரிந்து கொடுக்கிற தோல் குறைவு, காம்புகள் சற்று வெளிப்பக்கமாக அமைந்திருக்கும். இறங்க இன்னும் நாளாகும், நடுவில் இடைவெளியும் அதிகமாகத் தெரியும். அதை மட்டும் வைத்து இடம் மாறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

இனி இடப்பக்கம். இம்ப்ளான்டுக்கு அடியில் அணையாக நிற்பது மார்பகத்தின் கீழ் மடிப்பு. அந்த மடிப்பை ஆபரேஷனில் தேவைக்கு மேல் விடுவித்துவிட்டாலோ, அங்கே திசு பலவீனமாக இருந்தாலோ, எடை அதிகமாக இருந்தாலோ, இம்ப்ளான்ட் அணையைத் தாண்டிக் கீழே போகும். 300 சிசி சிலிகான் கிட்டத்தட்ட 300 கிராம். அது இரவும் பகலும் அந்த மடிப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். தையல் தழும்பு மடிப்பிலேயே இருக்கிறதா, அல்லது வாராவாரம் மடிப்பை விட்டு மேலேறி மார்பகத்தின் அடிப்பாகத்தில் தெரிகிறதா? காம்பு நேராகப் பார்க்கிறதா, மேல்நோக்கித் திரும்பிக்கொண்டே போகிறதா? காம்புக்கும் மடிப்புக்கும் நடுவில் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகிறதா? மேல்பாகம் வெறுமையாகிக் குழி விழுகிறதா? இதில் எதுவும் இல்லை, 2 வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் இடப்பக்கம் தன் இடத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். மாற்றம் தொடர்ந்தால் 3 மாதம் ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் என்றால் மடிப்புக்குக் கீழே டேப் ஒட்டியோ, அடியில் தாங்கும் பிரா போட்டோ நிறுத்திப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு ஒரு நார் உறையை உண்டாக்கும், அது எல்லோருக்கும் உருவாவதுதான். கீழே போன நிலையிலேயே அந்த உறை முதிர்ந்துவிட்டால் பிறகு தையல் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டி வரும்.

கீழே போவதைப் போலவே இன்னும் இரண்டு திசைகள் உண்டு. ஒன்று அக்குள் பக்கம். மல்லாந்து படுக்கும்போது இம்ப்ளான்ட் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சரிவது இயல்பு. இயற்கையான மார்பகமும் அப்படித்தான் சரியும். மேல்கையில் இடிக்கும் அளவுக்குப் போனாலோ, நிற்கும்போதும் வெளியே நின்றாலோ சொல்ல வேண்டும். மற்றொன்று நடுப்பக்கம். இரண்டுக்கும் இடையில் நெஞ்செலும்பின் மேல் தோல் ஒட்டியிருக்க வேண்டும். அந்தத் தோல் எழும்பி, இரண்டும் ஒன்றாகச் சேர்கிற மாதிரி தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நடுவில் நெருக்கமாக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர்களிடம் இந்தத் தொந்தரவைப் பார்த்திருக்கிறேன். சரிசெய்வதிலேயே கஷ்டமான வகை இதுதான்.

இடம் மாறுமோ என்ற பயம் இம்ப்ளான்ட் பிறந்த நாளிலிருந்தே இருப்பது. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு சர்ஜன்கள் டிம்மி ஜீன் லின்ட்சி என்ற பெண்ணுக்கு முதல் சிலிகான் இம்ப்ளான்டை வைத்தார்கள். அந்தக் காலத்து இம்ப்ளான்டின் முதுகில் டேக்ரான் துணித் துண்டுகள் ஒட்டியிருந்தன. நெஞ்சுச் சுவரில் ஒட்டிப் பிடித்து நகராமல் இருக்கட்டும் என்பதற்காக. பிற்பாடு சொரசொரப்பான மேற்பரப்பு வந்தது. நகராது, திரும்பாது, உறை இறுகுவதும் குறையும் என்று நம்பிப் பல நாடுகளில் அதை வைத்தார்கள். அப்புறம், சொரசொரப்பான வகைக்கும் அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவந்தது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இன்று வழவழப்பானதைப் பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். வழவழப்பானது தன் இடத்துக்குள் கொஞ்சம் அசையும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உருண்டை வடிவம் என்பதால் உள்ளே சுழன்றாலும் வெளியே தெரியாது. கண்ணீர்த்துளி வடிவம் வைத்தவர்கள்தான் சுழற்சிக்குப் பயப்பட வேண்டும்.

மசாஜ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வழவழப்பான வகைக்குச் சிலர் குறிப்பிட்ட நாளிலிருந்து அழுத்தும் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள். வேறு சிலர் கையே வைக்காதே என்பார்கள். மசாஜால் உறுதியாகப் பலன் உண்டு என்று காட்டும் வலுவான ஆதாரம் இல்லை. சொரசொரப்பான வகைக்கும் கண்ணீர்த்துளி வடிவத்துக்கும் பொதுவாகக் கூடாது. உங்கள் விஷயத்தில் ஆபத்து எங்கே என்றால், வீடியோவில் இரண்டு பக்கத்தையும் கீழ்நோக்கித் தள்ளச் சொல்வார்கள். ஏற்கெனவே இறங்கிய இடப்பக்கத்தையும் சேர்த்துத் தள்ளினால் அந்த மடிப்பு என்ன ஆகும்? இம்ப்ளான்டைக் கீழே அழுத்த மார்பின் மேல்பாகத்தில் சுற்றிக் கட்டும் பட்டையும் இதே கதைதான். வலப்பக்கத்தை இறக்க வேண்டும் என்று டாக்டர் நினைத்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அழுத்தம் வரும்படி கட்டச் சொல்வார். கடையில் வாங்கி இரண்டுக்கும் சேர்த்துச் சுற்றிக்கொள்வது வேண்டாம். எந்தப் பக்கம், எந்தத் திசை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று டாக்டர் வாயால் கேட்ட பிறகு செய்யுங்கள், அதுவரை கையை எடுத்துவிடுங்கள்.

வீட்டு வேலையைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லி அனுப்புவதில்லை என்று எனக்கு ஒரு வருத்தம். "கனம் தூக்காதீர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன், கிரைண்டர் கல்லைத் தூக்குவது, மாவு நிறைந்த பாத்திரத்தை இறக்குவது, குழந்தையை இடுப்பில் வைப்பது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்ட் போடுவது, இவை எல்லாமே அந்த மார்புத் தசையை இழுக்கும் வேலைகள். சுமார் 6 வாரம் வரை, உங்கள் டாக்டர் சரி என்று சொல்லும் வரை, இவற்றைத் தவிருங்கள். ஆபரேஷன் செய்துகொண்டதை வீட்டில் சொல்லாதவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்டால் என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் இரண்டாவது வாரமே குடம் தூக்கிவிடுகிறார்கள். கையில் சுளுக்கு என்றாவது சொல்லுங்கள், அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

கம்பி வைத்த பிராவை டாக்டர் சொல்லும் வரை தொட வேண்டாம். இறுக்கமான ஜாக்கெட்டும் அப்படித்தான், கீழ்ப்பட்டி மடிப்பின் மேலேயே வந்து அழுத்தினால் இம்ப்ளான்ட் மேல்நோக்கித் தள்ளப்படும். முதல் வாரங்களில் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி மல்லாந்து படுங்கள். குப்புறப் படுப்பது வேண்டவே வேண்டாம்.

தினமும் பார்ப்பதை நிறுத்துங்கள். தலையைக் குனிந்து மேலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் கோணலாகத்தான் தெரியும். காலையில் வீக்கம் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி. வாரம் ஒரு தடவை, அதே சுவர், அதே வெளிச்சம், கேமரா மார்பு உயரத்தில், கை தொங்கிய நிலையில், முன்பக்கம் ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று என எடுத்து வையுங்கள். 3-ஆவது வாரப் படத்தையும் 7-ஆவது வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கே விடை தெரியும். டாக்டருக்கும் அது ரொம்ப உதவும். படங்களைப் பூட்டு போட்ட ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள், அறிமுகமில்லாதவர்களிடம் "சரியாக இருக்கிறதா" என்று கேட்டு அனுப்பாதீர்கள்.

அசைந்தால் உள்ளே களக் என்று சத்தம் கேட்பது, மின்சாரம் சுருக்கென்று பாய்ந்த மாதிரி வலி, காம்பில் மரத்துப்போன உணர்வு அல்லது அதிகக் கூச்சம், இவை எல்லாம் வரும், போகும். சத்தம் உள்ளே தங்கிய நீரும் காற்றும்தான், சில வாரங்களில் உடம்பு உறிஞ்சிவிடும். சிலருக்கு மார்பகத்துக்குக் கீழே வயிற்றை நோக்கி ஒரு கயிறு இழுத்த மாதிரி தெரியும். தோலுக்கு அடியில் உள்ள சிறு ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதால் வருவது அது. டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மறையும்.

இதுவரை சொன்னது எல்லாம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மாறுவது. மணிக்கணக்கில் மாறுவது வேறு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாகி, தோல் விறைத்து, வலி கூடினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். ஆபரேஷன் முடிந்த முதல் ஒன்றிரண்டு நாளில்தான் அதிகம் வரும், பிற்பாடும் வரலாம். சிவந்து சூடாகி, தையலில் நீர் அல்லது சீழ் வந்து, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தொற்று. இரண்டுக்கும் அன்றைக்கே போக வேண்டும், இரவானாலும் சரி. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஆபரேஷன் செய்த இடத்தைத் தேடிக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டாம்.

மாதங்கள் கழித்து வரக்கூடிய ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். இறங்கி, மென்மையாகி, நன்றாக அமர்ந்த பக்கம் திரும்ப இறுகி மேலே ஏறத் தொடங்கினால், அது இப்போது உங்கள் வலப்பக்கத்தில் இருக்கும் இறுக்கம் போன்றது கிடையாது. சுற்றியுள்ள நார் உறை சுருங்குகிறது என்று அர்த்தம். அதை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள்: முதல் படியில் தொட்டாலும் இயல்பு, இரண்டாவதில் தொட்டால் மட்டும் கெட்டி, மூன்றாவதில் வடிவமே மாறித் தெரியும், நான்காவதில் வலியும் சேரும். முன்பு ரத்தம் கட்டிய பக்கத்திலும் தொற்று வந்த பக்கத்திலும் இதற்கு வாய்ப்பு அதிகம்.

சரி, மறு ஆபரேஷன். ரத்தக்கட்டும் தொற்றும் தவிர, வெறும் உயரத்துக்காக 3 வாரத்தில் யாரும் திறக்க மாட்டார்கள். பொதுவாக 6 மாதமாவது பார்ப்பார்கள். காரணம், இன்று மேலே இருக்கிறது என்று கீழே விடுவித்துவிட்டு, பிறகு தசையும் தளர்ந்தால் அந்தப் பக்கம் தேவைக்கு மேல் இறங்கிவிடும். 6 மாதம் ஆகியும் வலப்பக்கம் மேலேயே நின்றால் கீழ் மடிப்பில் போதுமான அளவு விடுவிக்கவில்லை என்றோ, உறை இறுகியிருக்கிறது என்றோ சந்தேகப்பட்டுச் சோதிப்பார்கள். சரிசெய்வதற்கு வழிகள் இருக்கின்றன: இடத்தைக் கீழே விரிப்பது, இறங்கியதை உள்ளே தையல் போட்டு உயர்த்துவது, தசைக்கு அடியிலிருந்து மேலே மாற்றுவது.

"பொறுங்கள்" என்ற ஒரு சொல்லோடு டாக்டரை விட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது, எத்தனை வாரம் வரை பொறுப்பது, அதற்குள் எது தெரிந்தால் உடனே வர வேண்டும், கீழ்ப்பிடிப்பை இரண்டு பக்கமும் ஒரே அளவு விடுவித்தீர்களா, வலப்பக்கத்துக்குப் பட்டை வேண்டுமா என்று கேளுங்கள். காம்பிலிருந்து மடிப்பு வரை இரண்டு பக்கமும் அளந்து குறித்து வைக்கச் சொல்லுங்கள், அடுத்த மாதம் ஒப்பிட அது வேண்டும். இம்ப்ளான்டின் தயாரிப்பு எண் உள்ள அட்டையையும் ஆபரேஷன் குறிப்பின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பதில் திருப்தியாக இல்லை என்றால் இரண்டாவது கருத்து கேட்பதில் தப்பே இல்லை. தனியார் கட்டணம் கட்டுப்படி ஆகாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. போகும்போது அந்த அட்டை, குறிப்பு நகல், வாராவாரம் எடுத்த படங்கள் மூன்றும் கையில் இருக்கட்டும்.